சிவப்பு மூலை, நீல மூலை

கிழக்கு லண்டன், பெத்னல் கிரீன். ஓல்டு ஃபோர்டு சாலை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி.

யார்க் ஹாலின் வாசலில் இரண்டு வகைப் பைகள். ஈரத் துண்டு வைத்த பைகள் வெளியே வருகின்றன. கையுறையும் பூட்ஸும் வைத்த பைகள் உள்ளே போகின்றன. இந்தக் கட்டடத்தில் நீச்சல் குளம் இருக்கிறது. அடித்தளத்தில் நீராவிக் குளியல். நடுவில் பெரிய கூடம். நுழைந்ததும் குளோரின் வாடை. பத்தடி தள்ளிப் போனால் தைல வாடை.

1929-இல் திறந்த செங்கல் கட்டடம். பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் இன்றைய வடிவத்துக்கு வந்ததும் அதே ஆண்டுதான். கூடத்தில் ஏறக்குறைய 1,200 பேர் உட்காரலாம். மேலே மாடம். மாடத்தில் இருப்பவர் கையிலுள்ள குவளை தவறினால் வளையத்துக்கு அருகே விழும். அவ்வளவு கிட்டம்.

வாசலுக்கு எதிரே ஒரு வேன். பக்கக் கதவு திறந்திருக்கிறது. பையன் அதன் படியில் உட்கார்ந்திருக்கிறான். 19 வயது. லைட் மிடில் எடை. இதுவரை மூன்று போட்டி, மூன்று வெற்றி. கையில் பழுப்பு உறை. உறைக்குள் விற்காத டிக்கெட்டுகள்.

இன்றிரவு சண்டை போடப் போகிறவனே டிக்கெட் விற்கிறான். சின்ன அரங்குகளில் அதுதான் நடைமுறை. விற்ற பணத்திலிருந்து எதிராளியின் சம்பளம் போகிறது. புரமோட்டரின் பங்கு போகிறது. மிச்சம் இருந்தால் பையனுக்கு. உறவினர்கள் வருகிறார்கள். பள்ளித் தோழர்கள் வருகிறார்கள். சாரம் கட்டும் வேலையில் கூட இருப்பவர்கள் எட்டுப் பேர் ஒன்றாக வருகிறார்கள், முழங்காலில் சிமெண்டுத் தூசியோடு. பணத்தை அவன் எண்ணுவதில்லை. பக்கத்தில் நிற்கும் மாமா எண்ணுகிறார்.

பையனின் மேல்சட்டை முதுகில் ஐந்து பெயர்கள். கூரை வேய்பவர், குழாய்ப் பணி, கார் கழுவுமிடம், முடி திருத்தகம், கறி வாட்டும் கடை. எல்லாம் ஒரே தெருவைச் சேர்ந்தவை.

புரமோட்டர் வருகிறார். பையனின் தோளைத் தட்டுகிறார். பார்வை உறையில்.

“எவ்வளவு போச்சு?”

“நூத்தி எண்பது.”

தலையை ஆட்டுகிறார். கைபேசியில் எதையோ குறித்துக்கொள்கிறார். உள்ளே போகிறார்.

கூடத்தின் பின்னால் இரண்டு அறைகள். சிவப்பு மூலைக்காரர்களுக்கு ஒன்று, நீல மூலைக்காரர்களுக்கு ஒன்று. சிவப்பு அறையில் கூட்டம். பையனின் அப்பா, பயிற்சியாளர், காயம் பார்ப்பவர், சித்தப்பா, படம் பிடிக்க வந்த நண்பன். பையனின் முடி நேற்று வெட்டியது. பக்கவாட்டில் கத்தி இழுத்த கோடு. கால்சட்டையின் இடுப்புப் பட்டையில் பெயர் தங்க நூலில். ஓரங்களில் குஞ்சம். பயிற்சியாளர் உள்ளங்கை மெத்தைகளை உயர்த்துகிறார். பையன் குத்துகிறான். ஓசை சுவரில் பட்டுத் திரும்புகிறது. நண்பன் படம் பிடிக்கிறான். மறுபடி குத்தச் சொல்கிறான். மறுபடி குத்துகிறான்.

நீல அறையில் நான்கு பேர். ஒருவர் தூங்குகிறார். ஒருவர் செய்தித்தாள் படிக்கிறார். ஒருவர் மகளின் வீட்டுப்பாடத்தைக் கைபேசியில் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறார். நான்காமவர் பிளாஸ்டிக் டப்பாவில் சோறும் கோழியும் சாப்பிடுகிறார். அவருக்கு 36 வயது. பெயிண்டர். விரல் நகங்களில் வெள்ளைப் பூச்சு. பர்மிங்ஹாம் பக்கத்திலிருந்து தானே காரோட்டி வந்திருக்கிறார். அழைப்பு செவ்வாய்க்கிழமைதான் வந்தது. 118 போட்டி ஆடியவர். வென்றது 7.

இவர்களை ஜர்னிமேன் என்கிறார்கள். வருங்கால நட்சத்திரங்கள் இவர்கள் மேல்தான் ஏறிப் போகிறார்கள்.

“உனக்கு யாரு?”

“வாசல்ல டிக்கெட் வித்துக்கிட்டு இருந்தானே, அவன்.”

“எப்படி?”

“தெரியலை. ரெண்டு நிமிஷம் எதுத்து நின்னா தெரியும்.”

வாரியத்தின் ஆய்வாளர் உள்ளே வருகிறார். கைக்கட்டு சுற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். துணி எவ்வளவு, ஒட்டுநாடா எவ்வளவு, எலும்பு முட்டியின் மேல் ஏதும் ஏறியிருக்கிறதா. சுற்றி முடித்ததும் நாடாவின் மேல் பேனாவால் கையெழுத்துப் போடுகிறார். சிவப்பு அறைக்கும் அதே பேனா. அதே கையெழுத்து.

இங்கிலாந்தின் பதிவேடுகளில் இப்படிச் சில பெயர்கள் உண்டு. பர்மிங்ஹாமின் பீட்டர் பக்லி. 300 போட்டி. 256 தோல்வி. 2008 அக்டோபரில் கடைசிப் போட்டி, அதில் வெற்றி. கிறிஸ்டியன் லைட். அவருக்கும் 300. தோல்வி 279. கிழக்கு லண்டனின் ஜானி கிரீவ்ஸ் 100 போட்டி ஆடி 96-இல் தோற்கிறார். நூறாவது போட்டி 2013-இல், இதே யார்க் ஹாலில். அதில் நடுவர் அவர் கையைத் தூக்குகிறார். அன்றைக்கு அவருடைய ஆட்கள் மாடம் வரை நிரம்பியிருக்கிறார்கள்.

பக்லியின் எதிரே இரண்டு முறை ஷெஃபீல்டிலிருந்து வந்த மெலிந்த இளைஞன் நின்றிருக்கிறான். பெயர் நசீம் ஹமீது.

ஷெஃபீல்டு, விங்கோபேங்க். 1980-களின் தொடக்கம். பேருந்து மேடேறுகிறது. மேல்தட்டில் டப்ளினிலிருந்து குடியேறிய ஒரு பயிற்சியாளர், பிரெண்டன் இங்கிள். சன்னல் வழியே ஒரு பள்ளிக்கூடத்தின் கம்பி வேலி. வேலிக்குள் ஏழு வயதுச் சிறுவன். மூன்று பையன்கள் அவனை வளைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். சிறுவன் குனிகிறான், நழுவுகிறான், திருப்பி அடிக்கிறான், மறுபடி குனிகிறான். இங்கிள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போகிறார்.

சிறுவனின் பெற்றோர் ஏமனிலிருந்து வந்தவர்கள். அப்பாவுக்குப் பெட்டிக்கடை. கடையும் இங்கிளின் பயிற்சிக்கூடமும் அருகருகே. பயிற்சிக்கூடம் பழைய தேவாலய மண்டபம். தரையில் வண்ணக் கோடுகள். பிள்ளைகள் கோடுகளின் மேல் நடக்கிறார்கள். இடது கால், வலது கால், திருப்பம், மறுபடி இடது. மணிக்கணக்கில் நடக்கிறார்கள். வாரக்கணக்கில் நடக்கிறார்கள். நசீமும் நடக்கிறான்.

1995 செப்டம்பர். கார்டிஃப். மழை. நசீம் உலகப் பட்டத்தை வெல்கிறார். வயது 21. வலது, இடது இரண்டு பக்கமும் நின்று ஆடுகிறார். கைகளைத் தொங்கப் போட்டு ஆடுகிறார். 1998-இல் ஆசிரியரும் மாணவரும் பிரிகிறார்கள். 2018-இல் இங்கிள் இறக்கிறார். பேருந்துக் கதை இன்றும் ஒவ்வொரு பயிற்சிக்கூடத்திலும் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு பயிற்சியாளரும் பேருந்தில் சன்னல் பக்கம் உட்காருகிறார்.

யார்க் ஹாலில் மணி ஏழு. முதல் போட்டி தொடங்கிவிட்டது. நாற்காலிகள் பாதி காலி.

வளையத்தை ஒட்டி நீண்ட மேசை. நேரங்காப்பாளர். பித்தளை மணி. வாரிய அதிகாரி. மருத்துவர்கள். கடைசியில் மூன்று பத்திரிகையாளர்கள். இரண்டு பேரிடம் மடிக்கணினி. மூன்றாமவரிடம் ஏடும் பென்சிலும். நரைத்த தாடி. மூக்குக் கண்ணாடியைச் சட்டையில் துடைக்கிறார். மாட்டுகிறார். மறுபடி துடைக்கிறார்.

‘பாக்ஸிங் நியூஸ்’ இதழ் 1909-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் சாம்பியனுக்கு லான்ஸ்டேல் பட்டை கட்டும் வழக்கமும் அதே ஆண்டில் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த நாட்டில் குத்துச்சண்டை எழுதுகிறவர்களுக்கு ஒரு கடமை. அடுத்த நட்சத்திரம் யார் என்று சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டும்.

பென்சில்காரரின் ஏட்டில் இந்த ஆண்டின் பக்கம். முதல் பெயர் மோசஸ் இட்டாமா. அடியில் இரண்டு கோடு.

இட்டாமா பிறந்தது 2004 டிசம்பரில், ஸ்லோவாக்கியாவின் கெஷ்மாரோக் ஊரில். அப்பா நைஜீரியர். அம்மா ஸ்லோவாக்கியர். வளர்ந்தது இங்கிலாந்தின் கென்ட் மாவட்டம், சாத்தம். இடது கைக்காரர். 2022-இல் உலக இளையோர் சாம்பியன். 2023 ஜனவரியில் வெம்ப்ளியில் முதல் தொழில்முறைப் போட்டி. 23 நொடி. எதிராளியின் பயிற்சியாளர் நாற்காலியை இறக்கி வைக்கக்கூட நேரமில்லை.

மைக் டைசன் 1986-இல் ஹெவிவெயிட் பட்டம் வென்றபோது வயது 20 ஆண்டு 4 மாதம். அந்தக் கணக்கைச் செய்தியாளர்கள் இட்டாமாவின் பிறந்த நாளோடு சேர்த்துக் கூட்டுகிறார்கள். 2025 மே மாதத்துக்குள் பட்டம் வேண்டும். மே வருகிறது. மே போகிறது. அவர் கிளாஸ்கோவில் இரண்டாம் சுற்றில் ஒருவரை வீழ்த்துகிறார். ஆகஸ்டில் ரியாத்தில் டில்லியன் வைட்டை முதல் சுற்றிலேயே வீழ்த்துகிறார். வைட் ஹெவிவெயிட் உலகப் பட்டத்துக்கு ஆடியவர். எழுந்து நிற்கிறார். கால்கள் பக்கவாட்டில் போகின்றன. நடுவர் அணைத்துக்கொள்கிறார்.

டைசன் கணக்கை அதன் பிறகு யாரும் எழுதுவதில்லை. இட்டாமாவின் பெயரை எல்லாரும் எழுதுகிறார்கள்.

ஏட்டில் அதற்குக் கீழே ஸ்லவ் ஊரின் ஆடம் அஸீம். பெயருக்குப் பக்கத்தில் ‘கை வேகம்’ என்று குறிப்பு. அதற்குக் கீழே பென் விட்டேக்கர்.

டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட். விட்டேக்கர் இறுதிப் போட்டியில் தோற்றிருக்கிறார். மேடையில் நிற்கிறார். வெள்ளிப் பதக்கத்தைக் கழுத்தில் போடாமல் சட்டைப் பையில் வைக்கிறார். கண் சிவந்திருக்கிறது. பிறகு அதற்காக வருந்துகிறார். தொழில்முறைக்கு வருகிறார். வளையத்தில் ஆடுகிறார், சுற்றுகிறார், எதிராளியின் மூக்குக்கு முன்னால் தோளை அசைக்கிறார். கோடிக்கணக்கானோர் கைபேசியில் பார்க்கிறார்கள். 2024 அக்டோபர், ரியாத். லியம் கேமரன் அவரைக் கயிற்றோடு நெருக்குகிறார். இருவரும் கயிற்றைத் தாண்டி வெளியே விழுகிறார்கள். விட்டேக்கரால் தொடர முடியவில்லை. சமன். சக்கர நாற்காலியில் போகிறார். ஆறு மாதம் கழித்து பர்மிங்ஹாம். அதே கேமரன். விட்டேக்கர் ஆடவில்லை, சுற்றவில்லை. இரண்டாம் சுற்றில் முடிக்கிறார்.

பென்சில்காரர் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை அழித்திருக்கிறார். அழித்த தடம் தெரிகிறது.

கீழே ஒரு பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கிறது. டெலிஷியஸ் ஓரி.

ஓரி மாஸ்கோவில் பிறந்தவர். சிறுவயதில் இங்கிலாந்து வந்தவர். ஆறடி ஆறங்குலம். ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம். 2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம். அடுத்த ஆண்டனி ஜோஷுவா என்று தலைப்புகள். பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் போட்டியிலேயே தோல்வி. 2025 ஏப்ரலில் மான்செஸ்டரில் முதல் தொழில்முறைப் போட்டி. வெற்றி. மே மாதம் ஓர் அறிவிப்பு. விளையாட்டின் மேல் முன்பிருந்த பிடிப்பு இல்லை, விலகுகிறேன். வயது 27. தொழில்முறையில் ஆடியது ஒன்று, வென்றது ஒன்று.

பென்சில்காரரின் பையில் வேறு ஏடுகளும் இருக்கின்றன. ரப்பர் வளையம் போட்டவை. 2000, சிட்னி ஒலிம்பிக்: ஆட்லி ஹாரிசன், தங்கம். பிபிசி பத்து லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போடுகிறது. உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு பத்து ஆண்டு கழித்து வருகிறது. 2010, மான்செஸ்டர். மூன்றாம் சுற்றில் தோற்கிறார். 2004, ஏதென்ஸ்: அமீர் கான், வெள்ளி, வயது 17. அணியில் தனியாக ஒருவன். 2008 செப்டம்பர், மான்செஸ்டர்: கொலம்பியாவின் பிரெய்டிஸ் பிரெஸ்காட். 54 நொடி. மறுநாள் காலை எல்லாப் பத்திரிகையிலும் கான் மல்லாந்து கிடக்கும் படம். பத்து மாதம் கழித்து அதே அரங்கில் கான் உலக சாம்பியன்.

2007. வடக்கு லண்டன், ஃபின்ச்லி. 18 வயதான கட்டுமானத் தொழிலாளி ஒருவன் உறவுக்காரப் பையனோடு பயிற்சிக்கூடத்துக்கு வருகிறான். உயரம் ஆறடி ஆறங்குலம். அதுவரை கையுறை போட்டதில்லை. அந்த ஆண்டின் ஏட்டில் ஆண்டனி ஜோஷுவா என்ற பெயர் கிடையாது. ஐந்து ஆண்டில் ஒலிம்பிக் தங்கம்.

யார்க் ஹாலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் செஷயர் தெரு. அங்கும் ஒரு பழைய பொதுக் குளியலறைக் கட்டடம். அதற்குள் ரெப்டன் குத்துச்சண்டைச் சங்கம். 1884-இல் தொடங்கியது. சுவரெல்லாம் பழைய போட்டி விளம்பரங்கள். ஒரு நாள் ஒரு தந்தை தன் பிள்ளையைக் கூட்டிவருகிறார். அண்ணன் ஏற்கெனவே குத்துச்சண்டை கற்கிறான். இங்கே பையன்கள் மட்டும்தான். பிள்ளையின் பெயர் கேட்கிறார்கள். கோலின் என்று பதில் வருகிறது. கோலின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறாள். வயது ஒன்பது. உண்மைப் பெயர் கரோலின் டுபுவா.

1998-இல்தான் ஜேன் கவுச் என்பவர் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டுப் பெண்களுக்கான உரிமத்தை வாங்குகிறார். ஒலிம்பிக்கில் பெண்கள் வளையம் ஏறுவது 2012-இல். கரோலின் 2018 இளையோர் ஒலிம்பிக்கில் தங்கம் வெல்கிறாள். பிறகு லைட்வெயிட் உலகப் பட்டம். 2025 மார்ச்சில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஓரிரவு முழுக்கப் பெண்களின் போட்டிகள். அந்த மேடையில் பட்டத்தைக் காத்துக்கொள்கிறாள். அண்ணன் டேனியல் 2024 செப்டம்பரில் வெம்ப்ளியில் ஜோஷுவாவை வீழ்த்தியவர். அண்ணன் மேல் இருந்த வெளிச்சத்தில் பாதி தங்கை மேல் விழ ஒன்பது வயதிலிருந்து இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

மணி ஒன்பது இருபது. ஆறாவது போட்டி. கூடம் நிரம்பிவிட்டது. சாரம் கட்டும் எட்டுப் பேரும் மாடத்தின் முன்வரிசையில்.

நீல மூலைக்காரர் முதலில் வருகிறார். இசை கிடையாது. கறுப்புக் கால்சட்டை, பெயரில்லை. கயிற்றை விலக்கி நுழைகிறார். மூலையிலிருக்கும் உதவியாளரை அவருக்கு இப்போதுதான் அறிமுகம். அறிவிப்பாளர் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். யாரோ சீட்டி அடிக்கிறார்கள். கையைத் தூக்கி அந்தப் பக்கம் ஆட்டுகிறார்.

விளக்கு அணைகிறது. இசை. புகை. பையன் வருகிறான். நூற்று எண்பது டிக்கெட்டும் எழுந்து நிற்கிறது.

நான்கு சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம். பட்டப் போட்டி இல்லாததால் புள்ளி போடுவது நடுவர் ஒருவரே. வெள்ளைச் சட்டை. கறுப்பு வில் டை. சட்டைப் பையில் சின்ன அட்டை.

முதல் சுற்று. பையனின் ஜாப், முன்கையின் குத்து, நேராக வருகிறது. வேகம். மறுபடி வருகிறது. நீல மூலைக்காரர் தாடையைத் தோளுக்குள் புதைத்திருக்கிறார். அடிகள் கையுறையில் விழுகின்றன. முழங்கையில் விழுகின்றன. நெற்றியில் விழுகின்றன. ஓசை பெரிதாகக் கேட்கிறது. மாடம் ஆர்ப்பரிக்கிறது. அவர் கயிற்றில் சாய்கிறார். பையன் வலது கையைத் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்து வீசுகிறான். காற்று. அவர் இடப்பக்கம் அரையடி நகர்ந்திருக்கிறார். பையனைக் கட்டிப் பிடிக்கிறார். காதருகே ஏதோ சொல்கிறார். பையனின் புருவம் சுருங்குகிறது. நடுவர் பிரிக்கிறார்.

இரண்டாம் சுற்று. பையன் கீழே இறங்குகிறான். இடது ஹூக் விலாவுக்கு. இது விழுகிறது. நீல மூலைக்காரரின் வாயிலிருந்து மூச்சு வெளியேறும் சத்தம் மேசை வரை கேட்கிறது. பற்காப்பைக் கடிக்கிறார். பின்வாங்குகிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. பென்சில் ஒரு சொல் எழுதுகிறது: விலா.

மடிக்கணினிக்காரர்களில் ஒருவர் வேறு எங்கோ நடக்கும் போட்டியின் முடிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் சுற்று. பையன் ஜாப் போடுகிறான். கை திரும்பும்போது இடுப்புக்கு இறங்குகிறது. தாடை உயர்கிறது. ஒரு நொடிக்கும் குறைவு. நீல மூலைக்காரரின் வலது கை புறப்படுகிறது. பாதி வழியில் வேகம் குறைகிறது. கையுறையின் நுனி தாடையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. மாடத்தில் யாரும் பார்க்கவில்லை. பயிற்சியாளரின் துண்டு தோளிலிருந்து கைக்கு வருகிறது. பென்சில் நிற்கிறது. கண்ணாடியைத் துடைக்கவில்லை. இன்னொரு ஜாப். மறுபடி கை இறங்குகிறது. மறுபடி தொட்டுவிட்டுத் திரும்புகிறது.

இடைவேளை. ஒரு நிமிடம். சிவப்பு மூலையில் பயிற்சியாளர் மண்டியிட்டுப் பேசுகிறார். தன் இடது கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டுகிறார். பையன் தலையாட்டுகிறான். பார்வை மாடத்தில். பயிற்சியாளர் அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புகிறார். நீல மூலையில் பேச்சில்லை. தண்ணீர். துப்பல். விலாவின் மேல் பனிக்கட்டிப் பை.

நான்காம் சுற்று. பையனின் கால்கள் கனத்துவிட்டன. வாய் திறந்திருக்கிறது. நீல மூலைக்காரர் முதல் முறையாக முன்னால் வருகிறார். இடது, இடது, வலது. மூன்றும் விழுகின்றன. மாடம் அடங்குகிறது. பையனின் அப்பா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். இன்னொரு வலது. பையனின் மூக்கில் ரத்தம். பையன் கண்ணை மூடுகிறான், திறக்கிறான். ஒரு கால் பின்னால் போகிறது. பின்னால் போன கால் தரையில் ஊன்றுகிறது. அங்கிருந்து ஜாப் வருகிறது. கை இந்த முறை கன்னத்துக்குத் திரும்புகிறது. அதன் பின்னால் விலாவுக்கு இடது ஹூக். நீல மூலைக்காரர் குனிந்து கட்டிக்கொள்கிறார். மணி.

நடுவர் அட்டையைப் பார்க்கிறார். பையனிடம் நடக்கிறார். கையைத் தூக்குகிறார். 40–37. கடைசிச் சுற்றைச் சமமாக வைத்திருக்கிறார்.

ஏட்டில் பையனின் பெயர் எழுதப்படுகிறது. அடியில் கோடில்லை. பக்கத்தில்: விலா. கால் ஊன்றினான். இடது கை?

கூட்டம் எழுகிறது. பையனின் நூற்று எண்பது பேரும் மதுக்கூடத்துக்குப் போகிறார்கள். அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளுக்கு அடுத்த வீரனின் ஆட்கள் வருகிறார்கள்.

மருத்துவர் இரண்டு மூலைக்கும் போகிறார். சின்ன விளக்கைக் கண்ணில் அடிக்கிறார். இடது கண், வலது கண். விரலைப் பார்க்கச் சொல்கிறார். பெயர் கேட்கிறார். அரங்கின் பின்வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்கிறார். அது இல்லாமல் மணி அடிக்காது. 1991 செப்டம்பர், ஒயிட் ஹார்ட் லேன் மைதானத்தில் மைக்கேல் வாட்சன் சரிந்தபோது மூச்சுக்கான உதவி உடனே கிடைக்கவில்லை. நாற்பது நாள் நினைவில்லை. அவர் வாரியத்தின் மேல் வழக்குப் போட்டு வென்றார். இன்றைய ஏற்பாடுகள் பலவும் அதன் பிறகு வந்தவை. 2024 மே மாதம் ஹாரோவில் இதைப் போன்ற ஒரு சின்ன அரங்கு. மருத்துவர் இருந்தார். ஆம்புலன்ஸ் இருந்தது. முதல் தொழில்முறைப் போட்டி ஆடிய ஒருவர் நான்காம் சுற்றில் விழுந்தார். எழவில்லை.

மருத்துவர் பையனின் கண்ணில் இரண்டாம் முறை விளக்கடிக்கிறார். எழுதிக்கொள்கிறார். போகலாம் என்று கை காட்டுகிறார்.

பின்பக்க நடைவழி. வெள்ளை ஓடு பதித்த சுவர். நீல மூலைக்காரர் ஆய்வாளரின் கையெழுத்திருக்கும் நாடாவைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறார். போட்டிக்கு ஆள் பிடிக்கும் மேட்ச்மேக்கர் வந்து சம்பள உறையைக் கொடுக்கிறார். எண்ணிப் பார்த்துப் பையில் வைக்கிறார். சிவப்பு அறையின் கதவு திறக்கிறது. உள்ளே பாட்டு, சிரிப்பு. பையனின் அப்பா வெளியே வந்து கதவைச் சாத்துகிறார். தயங்கி நிற்கிறார்.

“தொந்தரவு இல்லையே? பையனைப் பத்தி ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“எப்படி இருக்கான்?”

நீல மூலைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கிறார்.

“விலாவுக்குப் போடுறது நல்லா இருக்கு. நாளைக்குச் சிரிச்சா வலிக்கும் எனக்கு. ஜாப் போட்டுட்டுக் கையை இடுப்புக்குக் கொண்டுவர்றான். மூணாவது ரவுண்டுல ரெண்டு தடவை தாடை திறந்து கிடந்துச்சு.”

“பார்த்தேன். நீங்க அடிக்கலை.”

“தொட்டேன். அவனுக்குத் தெரியணும்னு. மொத ரவுண்டுலயே காதுல சொன்னேன், கைய மேல வைடான்னு.”

அப்பா சுவரில் கை வைத்துக்கொள்கிறார்.

“மேல வருவானா?”

“கடைசி ரவுண்டுல நெசமாவே அடிச்சேன். நாலு அடி. ஒரு கால் பின்னால வச்சான், ரெண்டாவது கால் வைக்கலை. நூத்திப் பதினெட்டு பேருல அப்படி நின்னவங்க கொஞ்சப் பேருதான்.” நாடாவை உருட்டிக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். “உடனே ஆறு ரவுண்டுக்குத் தூக்காதீங்க. அந்தக் கையைச் சரி பண்ணுங்க. ஆறு மாசம் கழிச்சு என்னையே கூப்பிடுங்க. சரியாச்சான்னு பார்த்துச் சொல்றேன்.”

அப்பா கைபேசியை எடுக்கிறார். எண்ணைக் கேட்டு ஒவ்வோர் இலக்கமாக அழுத்துகிறார். கடைசி இரண்டையும் திரும்பச் சொல்லச் சொல்கிறார்.